நொடிக்கு 27 தடவை: டீசல் கார் ஏன் நடுங்குது?

போன மாசம் என் பழைய டீசல் கார் ஒரு நாள் காலையில் நடுங்க ஆரம்பிச்சுது. ஓடும்போது பெரிசா ஒண்ணும் தெரியலை. சிக்னல்ல நின்னா மட்டும் ஸ்டீயரிங், சீட், கண்ணாடி எல்லாமே அதிரும். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். போனெட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "நாலு இன்ஜெக்டரையும் மாத்தணும் சார், அறுபதாயிரம் ஆகும்"னாங்க. எனக்கு அது பெரிய தொகை. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். 80களில் டீசல் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினவர் அவர். "எதை வச்சு இன்ஜெக்டர்னு சொன்னான்?"னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை. இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியில இருந்து வந்ததுதான்.

டீசல் காரோட வரலாற்றைப் பாதிக்கு மேல நடுக்கத்தோட வரலாறுன்னே சொல்லலாம். 1893 ஆகஸ்ட் 10, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம். ருடால்ஃப் டீசல் தன் சோதனை எஞ்சினில் முதல்முறை எரிபொருளைச் செலுத்தினபோது, அழுத்தத்தை அளக்க மாட்டியிருந்த கருவியே வெடிச்சுச் சிதறியது. தீப்பொறி இல்லாமல், காற்றை அமுக்கியே பற்ற வைக்கிற எஞ்சின் அது. அப்படி அமுக்கினால் ஒவ்வொரு எரிப்பும் சம்மட்டி அடி மாதிரிதான் இறங்கும். தொழிற்சாலைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கின எஞ்சினுக்கு அது பொருட்டில்லை, கப்பலுக்கும் பரவாயில்லை. காருக்குத்தான் சிக்கல்.

மெர்சிடிஸ் பென்ஸ் 1930களின் தொடக்கத்தில் 6 சிலிண்டர் டீசல் ஒன்றைக் காரில் வைத்துச் சோதித்தது. காரின் சட்டம் அந்த அதிர்வைத் தாங்கவில்லை, கைவிட்டார்கள். இத்தனைக்கும் 6 சிலிண்டர் அமைப்பு இயல்பிலேயே சமநிலையானது! அடியோட வேகம் அப்படி. பிறகு சின்னதாக, 2.6 லிட்டர், 4 சிலிண்டர், 45 குதிரைத்திறன் எஞ்சினோடு 1936 பெர்லின் கண்காட்சிக்கு வந்ததுதான் 260 டி. 1940 வரை ஏறத்தாழ 2,000 வண்டிகள் செய்தார்கள். அதை முதலில் விரும்பி வாங்கினவங்க யார் தெரியுமா? டாக்ஸிக்காரங்க. எரிபொருள் செலவு மிச்சம்னா நடுக்கத்தைப் பொறுத்துக்கலாம். எங்க அப்பாவும் அதே கணக்குதான் போட்டிருப்பார்.

நடுக்கத்தை அடக்க ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, எஞ்சினுக்குள்ளேயே சரிக்கட்டுறது. பிரிட்டனைச் சேர்ந்த ஃப்ரெடெரிக் லான்செஸ்டர் கண்டுபிடிச்சது அது. பிஸ்டன் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் மெதுவாகவும் போகும், கனெக்டிங் ராடு சாய்வதால் வர்ற வித்தியாசம் இது. 4 சிலிண்டரில் இந்த வித்தியாசம் ஒன்றையொன்று அழிக்காமல் ஒன்றுசேர்ந்து, கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ரெண்டு தடவை உலுக்கும். அதனால் கிராங்கைப் போல ரெண்டு மடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசையில் சுழலும் ரெண்டு தண்டுகளை வைத்தார். நல்ல யோசனை, ஆனா செலவு. 1970களில் மிட்சுபிஷி அதைத் தன் எஞ்சின்களில் கொண்டுவந்த பிறகுதான் பரவலாச்சு.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது: எஞ்சின் ஆடட்டும், ஆட்டம் நம்மகிட்ட வரக்கூடாது. 1931இல் கிறைஸ்லர் தன் பிளைமவுத் காரில் எஞ்சினைச் சட்டத்தோடு நேராக இறுக்காமல், முன்னால் உயரத்தில் ஒன்று, பின்னால் தாழ்வில் ஒன்று என ரப்பர் தாங்கிகளில் உட்கார வைத்தது. தொட்டில் மாதிரி அது தன் பாட்டுக்கு ஆடும். இன்னைக்கு மெக்கானிக் சொல்ற 'மவுண்ட்' அந்த வம்சம்தான். டீசல் கார் வீட்டு வண்டியாக ஆனதில் இந்த ரப்பர் துண்டுக்கு இருக்கிற பங்கை யாரும் பெரிசா எழுதினதில்லை.

சரி, என் வண்டிக்கு வருவோம். அப்பா காலத்தில் சந்தேகம் வந்தால் எஞ்சினை ஓடவிட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவாங்க. எதைத் தளர்த்தினால் சத்தம் மாறலையோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யலைன்னு அர்த்தம். தயவுசெஞ்சு இன்றைய காமன் ரயில் வண்டியில் இதைச் செய்யாதீங்க. ஆயிரம் பாருக்கு மேல் போகும் அழுத்தம், பீறிடும் டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும்.

அதனால் கணக்குப் போட்டோம். ஐடிலில் 800 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 13 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். 4 சிலிண்டரில் சுற்றுக்கு 2 எரிப்பு, ஆக நொடிக்கு சுமார் 27. நாலில் ஒன்று மட்டும் சோர்ந்திருந்தால், அந்தத் தடுமாற்றம் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறை, நொடிக்கு 7க்குக் கொஞ்சம் கீழே வரும். வண்டி நொண்டுற மாதிரி இருக்கும். அதிர்வை அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் போட்டு, போனை டேஷ்போர்டில் வைத்தேன். 27இல் பெரிய கோபுரம். 7 பக்கம் ஒண்ணுமே இல்லை.

அப்போ நாலு சிலிண்டரும் சமமாத்தான் எரியுது. அதிர்வு எப்போதும் இருக்கிறதுதான், இப்போ அதைத் தடுக்க ஆள் இல்லை. தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் பேச்சே இல்லாமல் எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் ஒரு விரல் அளவு தூக்கினார். நடுக்கம் நின்னுது. இறக்கினார், திரும்ப வந்தது. வலது பக்க மவுண்டுக்குள் இருந்த திரவம் எப்பவோ ஒழுகி, ரப்பர் அமுங்கிப் போயிருந்தது. கூலியோடு சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம்.

மாத்தினப்புறம் அப்பாவை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனேன். சிக்னல்ல நின்னப்போ டேஷ்போர்டில் கையை வைத்துப் பார்த்தார். "ம், போலாம்"னார். அடுத்த எபிசோட்ல அம்பாசடரைப் பத்தியே பேசலாம்னு இருக்கேன். உங்க வீட்டில் ஓட்டின அனுபவம் இருந்தால் குரல் பதிவா அனுப்புங்க.