பிடித்தத்தின் பயன்: தமிழக அரசு ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு குறித்து ஒரு வாதம்

தமிழக அரசு ஓய்வூதியர், குடும்ப ஓய்வூதியர்க்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜூலை 1 முதல் நான்காண்டுக் காலத்துக்கு நடைமுறைக்கு வந்தபோது, மாதச் சந்தா 497 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. ஓய்வூதியம் கைக்கு வருமுன்பே அத்தொகை பிடிக்கப்படுகிறது. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவருக்கு எதற்கு இந்தப் பிடித்தம் என்ற கேள்வி ஓய்வூதியர் நடுவில் இயல்பாக எழுகிறது. கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றினாலும், இந்தப் பிடித்தமே திட்டத்தின் தலையாய நன்மை என்பது என் துணிபு.

காரணம் பொருளியலில் இருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் வெளியிட்ட கட்டுரையைப் பழைய கார்ச் சந்தைக்காகவே பலரும் நினைவுகூர்கிறார்கள். அதே கட்டுரையில் அவர் 65 வயது கடந்தோரின் மருத்துவக் காப்பீட்டையும் எடுத்துப் பேசுகிறார். தன் உடல்நிலை தனக்குத் தெரியும் அளவுக்கு நிறுவனத்துக்குத் தெரியாது. எனவே நோயுள்ளவர் முந்திக்கொண்டு சேர்கிறார். இழப்பை ஈடுகட்ட நிறுவனம் பிரிமியத்தை உயர்த்துகிறது. உயர்ந்ததும் நலமாயிருப்பவர் விலகுகிறார். எஞ்சியவர்களுக்காக மீண்டும் உயர்த்தவேண்டியதாகிறது. இப்படியே போனால், எந்த விலையிலும் முதியவருக்குக் காப்பீடு கிடைக்காத நிலை வந்துவிடும். அரசுக் காப்பீட்டுக்கான வலுவான வாதத்தை அவர் இங்கிருந்தே எடுத்தார்.

இந்தியச் சந்தை இதற்கு விலக்கன்று. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு நான்காண்டு வரை காத்திருக்க வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி இருந்தது. 2024-இல்தான் அது மூன்றாண்டாகக் குறைந்தது. மூத்த குடிமக்களின் பிரிமியத்தை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தத் தன்னை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட நேர்ந்தது. சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உள்ள 66 வயது ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு மூன்றாண்டு என்பது சிறிய காலமா?

அரசுத் திட்டத்திலோ அறுபதிலும் எண்பத்தைந்திலும் சந்தா ஒன்றே. நான்காண்டுகளில் ஒருவர் கட்டுவது 23,856 ரூபாய். அதற்கு ஐந்து லட்சம் வரையிலும், குறிப்பிட்ட சில நோய்களுக்கும் அறுவைகளுக்கும் பத்து லட்சம் வரையிலும் பாதுகாப்பு. வாழ்க்கைத்துணையும் இதில் அடக்கம். சந்தா ஓய்வூதியத்திலேயே பிடிக்கப்படுவதால் அக்கர்லாஃப் காட்டிய சுழல் தொடங்குவதில்லை. இன்று நலமாயிருப்பவரின் பணம் இன்று நோயுற்றவருக்குப் போகிறது. நாளை அவர் படுக்கையில் விழும்போது மற்றவர் பணம் வருகிறது.

தனிமனிதர் விருப்பத்தைப் பெரிதும் போற்றும் அமெரிக்காவே இந்தத் தேவையை உணர்ந்தது. 1965-இல் சட்டமான மெடிகேரில் மருத்துவமனைக் காப்பீட்டுக்கான வரி சம்பளத்திலிருந்தே கட்டாயமாகப் பெறப்படுகிறது. மருத்துவர் கட்டணத்துக்கான பகுதியில் சேர்வது விருப்பம்தான். ஆனால் தக்க காரணமின்றித் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பத்து விழுக்காடு கூடுதல் பிரிமியம் சுமத்தப்படுகிறது. நோய் வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று யாரும் காத்திருக்கக்கூடாது என்பதே நோக்கம்.

ஆயினும் நம் திட்டத்தில் ஓர் அநீதி இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு வாதிடுவது நேர்மையன்று. செயலாளராக ஓய்வுபெற்றவரும், அலுவலக உதவியாளரின் விதவையும் ஒரே 497 ரூபாயைக் கட்டுகிறார்கள். அகவிலைப்படி நீங்கலாக 7,850 ரூபாய் குறைந்தபட்ச ஓய்வூதியம் பெறுபவருக்கு இது மாதாந்தர மளிகைக் கணக்கையே பாதிக்கும் தொகை. மத்திய அரசின் சுகாதாரத் திட்டமான சிஜிஎச்எஸ்ஸில் ஊதியநிலைக்கேற்ப மாதம் 250 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை சந்தா வகுத்திருக்கிறார்கள். அவ்வாறு இங்கும் செய்யத் தடையென்ன?

படுக்கையில் சேராத சிகிச்சை மற்றொரு குறை. முதியவரின் செலவில் பெரும்பகுதி தினமும் விழுங்கும் மாத்திரைகளில் கரைகிறது. அதற்கு மருத்துவப்படியாகக் கிடைப்பது மாதம் 300 ரூபாய். பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரத்துக்குச் சேர்ந்தவர்களின் கோரிக்கை நிராகரிக்கப்படுவதும் உண்டு. மருத்துவமனையின் பெயர் அரசாணையில் இல்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையை மறுக்கக்கூடாது என்று, ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவரின் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அத்தீர்ப்பின் பொருள் ஒவ்வொரு மாவட்டக் கருவூலத்துக்கும் எட்டவேண்டும்.

ஓய்வூதியர் சங்கங்கள் சந்தாவைப் படிநிலையாக்கும்படி கேட்கட்டும். மருத்துவப்படியை உயர்த்தும்படி போராடட்டும். திட்டத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை மட்டும் அவர்கள் கேட்கவேண்டாம்.