ஒற்றைக்கண் லாரி: ஹெட்லைட் வயரிங்கின் கதை

அம்பாசமுத்திரம் சாலையில் ராத்திரி எதிரே ஒரே ஒரு வெளிச்சம் வந்தால், நம் கண் அதை பைக் என்றுதான் கணக்குப் போடும். பைக்குக்கு விட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நாம் பாட்டுக்குப் போவோம். வந்தது வலது விளக்கு செத்துப்போன லாரி என்றால்? லாரியின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். நம் ஊர் இடப்பக்கப் போக்குவரத்தில், எரியாத அந்த வலது பக்கம்தான் நம்மை உரசிக்கொண்டு வரும்.

'பல்பு போயிருக்கும், மாத்தினா சரியாயிடும்' என்று சொல்வது சுலபம். பல நேரம் பல்பு நல்லாத்தான் இருக்கும். கோளாறு வயரில் ஒளிந்திருக்கும். அந்த வயர் எப்படி வந்தது என்று பார்த்தால், கோளாறு எங்கே ஒளியும் என்பதும் புரிந்துவிடும்.

கார்பைடு காலம்

முதல் மோட்டார் வண்டிகளின் விளக்கில் வயரே கிடையாது. கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டும், அசிட்டிலின் வாயு கிளம்பும், அதைப் பற்றவைப்பார்கள். 1912-இல் அமெரிக்காவில் காடிலாக் கம்பெனி, கரண்டில் ஓடும் ஸ்டார்ட்டரையும் விளக்கையும் ஒரே ஏற்பாடாக காரில் கொண்டுவந்தது. அதே 1912-இல்தான் தஞ்சாவூர் - புதுக்கோட்டை பஸ் சர்வீஸைத் தொடங்கினார் டி.வி. சுந்தரம் அய்யங்கார். நம்ம ஜில்லாக்காரர்தான், 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர்.

பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944-இல். ஆக, வீட்டுக்குக் கரண்ட் வருவதற்கு முன்பே வண்டியில் கரண்ட் வந்திறங்கிய கிராமங்கள் இந்தப் பக்கம் நிறைய.

லூகாஸ் நிறங்கள்

1930-களின் பிரிட்டிஷ் வண்டிகளில் ஒரு விசித்திரம் உண்டு. எதிரே வண்டி வந்தால் டிம் செய்ய, வலது விளக்கை முழுசாக அணைத்துவிட்டு, இடது விளக்கின் ரிஃப்ளெக்டரை மட்டும் காந்தச் சுருள் ஒன்றால் கீழே சாய்ப்பார்கள். அதாவது, இன்று கோளாறு என்று நாம் சொல்லும் ஒற்றைக்கண், அன்று டிசைனாகவே இருந்தது! ஒரே பல்பில் இரண்டு இழை வைக்கும் முறை பரவிய பிறகுதான் டிம்மிலும் இரண்டு கண் கிடைத்தது.

பிரிட்டிஷ் வயரிங்குக்கு ஒரு நிற இலக்கணம் இருந்தது. சுவிட்சிலிருந்து டிப் சுவிட்ச் வரை நீலம். அங்கிருந்து பிரைட்டுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம்முக்கு நீலத்தில் சிவப்புக் கோடு. எர்த்துக்குக் கறுப்பு. 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய சென்னைக் கம்பெனியின் வேர் இங்கிலாந்தின் லேலண்ட். 1961-இல் உருவான லூகாஸ்-டிவிஎஸ், திருக்குறுங்குடிக்காரர் தொடங்கிய குழுமமும் லூகாஸும் சேர்ந்து போட்ட கடை. டெல்கோ 1954 முதல் தயாரித்த மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் வந்தது ஜெர்மன் வழியில். இரண்டு மரபும் ஒரே பட்டறை வாசலில் வந்து நின்றன.

இன்னொரு குழப்பம்: 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சேஸிஸில் எர்த் ஆகியிருக்கும். பிறகு நெகட்டிவுக்கு மாறியது. ஆனால் இழை பல்புக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் பேதமே கிடையாது. எப்படிக் கொடுத்தாலும் எரியும். ஒரு பல்பு, இரண்டு வயர், ஒரு கூர்முனை: அந்த டெஸ்ட் லேம்ப் எல்லா வண்டிக்கும் பொருந்திப்போனது இதனால்தான்.

உப்பும் எர்த்தும்

லாரியில் கரண்ட் போக வயர் உண்டு. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வண்டியின் இரும்பே வழி. அந்த இரும்பு துருப்பிடித்தால்? தாமிரபரணி கடலில் சேரும் பக்கம்தான் தூத்துக்குடி உப்பளங்கள். 1974-இல் தூத்துக்குடி பெரிய துறைமுகம் ஆனது. உப்பும் சரக்கும் ஏற்றி, கடல் காற்று குடித்து, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மழையில் நனையும் லாரிக்கு, எர்த் போல்ட்டில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு ஏறாமல் என்ன செய்யும்?

கணக்கைப் பாருங்க. கனரக லாரியில் 12 வோல்ட் பாட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட். ஹாலோஜன் பல்பு 75/70 வாட். இழுப்பது சுமார் 3 ஆம்பியர். அந்தப் பாதையில் களிம்பு வெறும் 1 ஓம் தடை கொடுத்தாலே ஏறத்தாழ 3 வோல்ட் அங்கேயே தின்னப்படும். பல்புக்கு 21 வோல்ட்தான். வெளிச்சமோ வோல்ட்டை விட வேகமாக விழும்; மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். டிரைவர் என்ன நினைப்பார்? 'பல்பு மங்கல்' என்று கூடுதல் வாட் பல்பு போடுவார். அது இன்னும் கரண்ட் இழுக்கும்; ஹோல்டர் உருகும்.

அனுபவசாலிகள் பல்பைக் கழற்றும் முன் அறிகுறியைப் படிப்பார்கள்:

- இரண்டு பக்கமும் டிம், பிரைட் எதுவுமே இல்லை: மெயின் லைன், ஃப்யூஸ் அல்லது லைட் சுவிட்ச்.
- இரண்டு பக்கமும் டிம் மட்டும் இல்லை: டிப் சுவிட்ச் அல்லது ரிலே. பழைய லாரிகளில் இது காலடியில், வயல் சேறும் மழைத்தண்ணியும் சேரும் இடத்தில் இருந்தது.
- ஒரு பக்கம் மட்டும் இல்லை: பல்பு, ஹோல்டர், அந்தப் பக்கத்து ஃப்யூஸ் அல்லது எர்த்.
- ஹெட்லைட் போட்டால் பார்க்கிங் பல்பும் லேசாக மினுங்குகிறது: எர்த் அறுந்து, கரண்ட் வேறொரு பல்பு வழியே வீட்டுக்குத் திரும்பப் பார்க்கிறது.
- பல்பு அடிக்கடி போகிறது: ரெகுலேட்டர் வோல்ட்டை மீற விடுகிறது.

எர்த் சந்தேகம் என்றால் ஒரு துண்டு வயரை ஹோல்டரின் எர்த்திலிருந்து நேரே பாட்டரி நெகட்டிவுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். வெளிச்சம் பளிச்சென்று ஏறினால் குற்றவாளி மாட்டியாச்சு. போல்ட்டைக் கழற்றி, பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசினால் முடிந்தது.

டெஸ்ட் லேம்புக்கு அப்பால்

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு லாரியில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பெருகிவிட்டது. கம்ப்யூட்டரின் சிக்னல் வயரில் பழைய டெஸ்ட் லேம்பைக் குத்தினால், அது இழுக்கும் கரண்ட்டில் சர்க்யூட்டே போகலாம். அங்கே மல்டிமீட்டர்தான் வேண்டும். எல்.இ.டி. விளக்கோ, இழை பல்பு போலில்லாமல் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்க்கும்.

ஆனால் கரண்ட் போனால் திரும்பி வர வழி வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. கம்ப்யூட்டர் வந்தாலும் எர்த் போல்ட் அதே இரும்பில், அதே உப்புக்காற்றில்தான் இருக்கிறது. இந்த அறிவைப் பட்டறைக்காரர்கள் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. குருவிடமிருந்து சிஷ்யனுக்குக் கைமாறி வந்தது. ஒரு எர்த் போல்ட்டைத் தேய்க்கப் பத்து நிமிஷம் ஆகும். தேய்க்காமல் கிளம்பிய லாரியின் இருட்டுப் பக்கத்தில் யார் வரப்போகிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.