வாழைப்பழ நேரம்: சலிப்பும் பொழுதின் பங்கீடும்

சலிப்பூட்டும் வேலையில் மனம் விட்டுப்போகாமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு மேலாண்மையியல் பெரும்பாலும் இரண்டு விடைகளையே சொல்லிவந்திருக்கிறது. முதல் விடை கூலி. 1913இல் ஃபோர்டு ஆலையில் ஆட்கள் மாறும் விகிதம் ஆண்டுக்கு 370 விழுக்காடு. 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்த பிறகு அது சட்டென்று விழுந்தது. ஆட்கள் நின்றார்கள், ஆனால் அதே திருகைத்தான் முடுக்கிக்கொண்டு நின்றார்கள். கூலி ஆளைப் பிடித்துவைக்கும், பொழுதைப் போக்காது. இரண்டாவது விடை, வேலையையே திருத்துவது. ஹாக்மனும் ஓல்டமும் 1976இல் வகுத்த மாதிரி இதற்கு அடிப்படை: பலவகைத் திறன், முழுமை, பிறருக்குப் பயன்படுதல், தன் முடிவுக்கு இடம், செய்தது எப்படி வந்தது என்ற தகவல் ஆகிய ஐந்தும் கூடினால் ஊக்கம் கூடும் என்பது அவர்கள் வாதம். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் திருத்தவே முடியாத வேலைகளும் இருக்கின்றன. அவற்றைச் செய்பவர்களும் நாளை ஓட்டியாக வேண்டும். அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு இந்த மாதிரியில் இடமில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்ட் ராய் 1959–60இல் வெளியிட்ட ‘வாழைப்பழ நேரம்’ என்ற கட்டுரை இங்கேதான் உதவுகிறது. ராய் ஓர் ஆலையில் ‘கிளிக்கிங்’ எந்திரத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்தார். பொருளை விரித்து, அதன்மேல் டையை (வெட்டும் அச்சை) வைத்து, எந்திரத்தை அழுத்தினால் ஒரு துண்டு விழும். மறுபடி டை, மறுபடி அழுத்தம். மேற்சொன்ன ஐந்து பண்புகளுக்கும் மதிப்பெண் போட்டால் ஒன்றும் தேறாது. முதலில் ராய் தனக்குத்தானே ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டார்: பச்சைத் துண்டு இத்தனை முடிந்தால் பழுப்புக்கு மாறலாம், பிறகு வேறு வடிவம். இது ஓரளவுக்குத்தான் கைகொடுத்தது. பிறகுதான் கூட இருந்த மூவரும் தனக்கு முன்பே நாளைப் பங்கு போட்டுவைத்திருந்ததை அவர் கவனித்தார்.

காலையில் பீச் பழ நேரம். அதையடுத்து வாழைப்பழ நேரம்: மூவரில் ஒருவரான சாம்மி மதியத்துக்கென்று கொண்டுவந்த பழத்தை, இன்னொருவரான ஐக் அவர் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து உருவி, ‘வாழைப்பழ நேரம்!’ என்று கத்திவிட்டுத் தானே விழுங்கிவிடுவார். சாம்மி கூச்சல் போடுவார். கொஞ்ச நேரத்தில் ஐக் சன்னலைத் திறந்துவிட, குளிர்காற்று வருகிறது என்று இன்னொரு சண்டை. அது சன்னல் நேரம். இப்படியே மீன் நேரம், கோக் நேரம். ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். ஆனால் அடுத்த நேரத்துக்கு எவ்வளவு பாக்கி என்ற எதிர்பார்ப்பு இடைப்பட்ட பொழுதையெல்லாம் நிரப்பியது. ஒருமுறை கேலி எல்லை மீறிப் பேச்சு நின்றுபோனது. வேலையும் எந்திரமும் மாறவில்லை. ஆனால் ராய்க்கு அலுப்பும் உடற்சோர்வும் திரும்பி வந்தன.

இதிலிருந்து என் வாதம் இது: சலிப்புக்கு வேலை சிறியதாயிருப்பது மட்டும் காரணமல்ல, பொழுது வகுபடாமல் கிடப்பதும் காரணம். கிணற்றில் நீர் இறைப்பவர்கள் பாடிய நம் ஏற்றப்பாட்டு இதை அறிந்திருந்தது. இறைத்த சாலின் எண்ணிக்கையையே பாட்டில் கோத்துப் பாடியபோது, முடிவில்லாத இறைப்பு எண்ணி முடிக்கக்கூடிய ஒன்றாயிற்று. ஏற்றக்காரர் வேலையை நிறுத்தியதால் பாதியில் நின்ற பாட்டின் அடுத்த அடிக்காகக் கம்பர் மறுநாள்வரை காத்திருந்தார் என்ற செவிவழிக் கதையைப் புலமைக் கதையாகவே சொல்லிவருகிறோம். வேலை நின்றால் பாட்டும் நிற்கும் என்ற நடைமுறையும் அதில் இருக்கிறது.

பொழுதைப் பங்கு போடுவது யார் என்பதே அடுத்த கேள்வி. 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ சுருட்டு ஆலையில், சுருட்டுபவர்களுக்கு ஒருவர் உரக்கப் படித்துக்காட்டும் வழக்கம் தொடங்கியது. படிப்பவருக்குச் சம்பளம் தொழிலாளர் கையிலிருந்தே போயிற்று. அந்த வழக்கம் அமெரிக்காவின் டாம்பாவுக்கும் பரவியது. அங்கே காலையில் செய்தித்தாள், பிற்பகலில் நாவல். எந்த நாவல் என்பதையும் தொழிலாளரே வாக்களித்து முடிவுசெய்தனர். நேற்று விட்ட இடம் இன்று வேலைக்கு வர ஒரு காரணமாயிற்று. 1931இல் டாம்பா முதலாளிகள் படிப்பவர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் இடத்துக்கு வானொலி வந்தது. காது நிறைந்தது, ஆனால் எதைக் கேட்பது என்ற முடிவு கைமாறிப் போயிற்று. மேலிருந்து ஏற்பாடு செய்யும் ‘உற்சாக நிகழ்ச்சிகள்’ இன்றைய அலுவலகங்களில் பதினோரு மணி டீக்கு ஈடாகாததற்கும் இதையே காரணம் என்பேன்.

ஒரு மறுப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தகைய பங்கீடு மோசமான வேலையைச் சகித்துக்கொள்ளப் பழக்கிவிடுகிறது. நீண்ட நாள் நீண்ட நாளாகவே இருக்கிறது. விளையாட்டின் செலவும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ராயின் பதிவில் சாம்மி தன் பழத்தை ஒருநாளும் தின்றதில்லை. ஆனாலும் நாள் தவறாமல் ஒன்று கொண்டுவந்தார்.