பட்டுப்புழுவைக் கொன்ற கிருமி பருத்திக்காட்டுக்கு வந்த கதை



பி.டி.ன்னு சொன்னா நம்ம கொங்குப் பக்கத்துல முதல்ல ஞாபகத்துக்கு வர்றது பருத்தி விதைப் பாக்கெட்தான். அது ஏதோ கம்பெனிக்காரங்க புதுசா உண்டாக்கின விஷம்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. உண்மையில அது மண்ணுல காலங்காலமா இருக்கிற ஒரு பாக்டீரியா. அதோட கதை தொடங்கினது பருத்திக்காட்டுல இல்லை, ஜப்பானில் பட்டுப்புழு வளர்த்த இடத்துல.

1901-ல் அங்கே பட்டுப்புழுக்கள் தீனி எடுக்காம துவண்டு சாக, இஷிவாடா என்ற விஞ்ஞானி செத்த புழுவிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அவருக்கு அது ஒழிச்சுக்கட்ட வேண்டிய நோய். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்துக்குள்ள ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெர்லினர் என்பவர், மாவில் விழுகிற அந்துப்பூச்சியின் புழுவில் அதே கிருமியைக் கண்டார். துரிங்கியா என்ற அந்தப் பகுதியின் பேரை வைத்து, 1915-ல் அதற்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிட்டார். அதோட சுருக்கம்தான் பி.டி. 1938-ல் பிரான்சில் அதையே பூச்சிமருந்தாக்கி விற்க ஆரம்பிச்சுட்டாங்க. பட்டுக்காரனுக்கு எமன், மாவு மில்காரனுக்குத் துணை.

அது எப்படிக் கொல்லுதுன்னு 1950-களில்தான் புரிஞ்சுது. இந்தக் கிருமி வித்தாக மாறும்போது உள்ளே ஒரு சின்னப் படிகத்தை உண்டாக்கும். அது வெறும் புரதம். புழுவின் குடல் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி காரத்தன்மை உள்ளது. அதில் படிகம் கரையும். குடலில் இருக்கிற நொதிகள் அதை வெட்டிக் கூர்மையாக்கும். பிறகு அது குடல் சுவரில் இருக்கிற ஒரு குறிப்பிட்ட இடத்தில், பூட்டில் சாவி பொருந்துற மாதிரி ஒட்டி, ஓட்டை போடும். புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும், ரெண்டு மூணு நாளில் சாகும். நம்ம வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் பூட்டும் நமக்குக் கிடையாது, மாட்டுக்கும் கிடையாது. பாதுகாப்பான மருந்துன்னு இதைச் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

ஆனா 'யாருக்குப் பாதுகாப்பு'ன்னு ஒரு கேள்வி கூடவே இருக்கு. உடுமலைப்பேட்டை, கோபி பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவங்க நிறையப் பேர். பக்கத்துக் காட்டில் அடிக்கிற பி.டி. மருந்து மல்பெரி இலையில் விழுந்தால், 1901-ல் ஜப்பானில் நடந்தது இங்கேயும் நடக்கும். காய்ப்புழுவுக்கும் பட்டுப்புழுவுக்கும் குடல் ஒரே மாதிரிதான்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1888-ல் கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து இந்த மண்ணின் பேரே பருத்திதான். பழைய கருங்கண்ணி போய், கம்போடியா வந்து, 1968-ல் எம்.சி.யு. 5, 1974-ல் சுவின்னு நீள இழை ரகங்கள் கோவையிலேயே உருவாச்சு. மில்லுக்கு நல்ல நூல் கிடைச்சுது. ஆனா நீள இழை ரகம்னா பயிர் அதிக நாள் காட்டில் நிக்கணும். அத்தனை நாளும் காய்ப்புழுவுக்கு விருந்து.

முதல்ல டி.டி.டி., அப்புறம் எண்டோசல்ஃபான், மோனோகுரோட்டோபாஸ். 1980-களில் பைரித்ராய்டு வகை மருந்து வந்தது. புழு ஒவ்வொன்றையும் பழகிக்கிட்டே வந்தது. நாட்டின் சாகுபடிப் பரப்பில் பருத்தி சுமார் 5 சதவீதம்தான், ஆனா பூச்சிமருந்தில் ஏறக்குறைய பாதி அதுக்கே போகுதுன்னு அந்தக் காலத்தில் சொல்வாங்க. டேங்கை முதுகில் மாட்டி அடிச்சவங்களுக்கு வந்த தலைசுத்தலும் வாந்தியும் எந்தக் கணக்கிலும் சேரலை.

பி.டி.யைத் தெளிமருந்தாக அடிக்கலாம்தான். ஆனா வெயில் பட்டால் சீக்கிரம் வீரியம் போயிடும், காய்க்குள்ள புகுந்த புழுவுக்கும் எட்டாது. அதனால் புரதத்தைச் செடியே உண்டாக்கினால் என்னன்னு யோசிச்சாங்க. 1981-ல் அமெரிக்காவில் அந்த மரபணுவைத் தனியாக எடுத்தாங்க. 1987-ல் பெல்ஜியத்தில் புகையிலைச் செடிக்குள் அதைச் சேர்த்துக் காட்டினாங்க. பாக்டீரியாவின் எழுத்து செடிக்குச் சரியாகப் படிக்க வராததால் புரதம் கொஞ்சம்தான் உண்டாச்சு. புரதம் மாறாமல் எழுத்தை மட்டும் செடிக்கு ஏத்த மாதிரி திருத்தி எழுதின பிறகுதான் வேலைக்கு ஆச்சு.

2002 மார்ச் 26 அன்று மத்திய அரசின் குழு மூன்று பி.டி. பருத்தி வீரிய ஒட்டு ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. அனுமதி பெற்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆரம்பத்தில் 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய் வாக்கில் விற்றது. விலையைப் பார்த்துத் தயங்கினவங்களும் மருந்துச் செலவு குறைஞ்சதைக் கண்டு மாறினாங்க. பச்சைக் காய்ப்புழு அடங்கியது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நாட்டின் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ஆச்சு.

அந்தப் பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் வந்தது ஞாபகம் இருக்குங்களா? காட்டைச் சுற்றி அதை ஓரமாக விதைக்கணும்னு விதி. பி.டி. செடியைத் தின்றும் பிழைக்கிற புழு ஆயிரத்தில் ஒன்று இருந்தாலும், அது பிழைச்ச இன்னொன்றோடு சேர்ந்தால் வாரிசு முழுக்கப் பூட்டு மாறின புழுவாயிடும். ஓரத்துச் சாதாரணப் பருத்தியில் வளர்ந்த பூச்சியோடு சேர்ந்தால் பிள்ளைகள் பி.டி.க்குச் செத்துடும். ஓர வரிசை புழுவுக்குப் போடுற படியளப்பு மாதிரி. ஆனா ரெண்டு ஏக்கர் காட்டுக்காரர் தெரிஞ்சே புழுவுக்கு ஒதுக்குவாரா? ஏன் ஒதுக்கணும்னு வீடு வீடாப் போய்ச் சொன்னவங்களும் குறைவு. நாடு முழுக்கப் பெரும்பாலும் அந்தச் சின்னப் பை விதைக்கப்படவே இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்குங்க. பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி எல்லாம் தின்னும். நாம ஊடுபயிராப் போட்டதும், பக்கத்துத் தோட்டத்தில் இருந்ததுமே அதுக்கு ஓர வரிசையா வேலை செஞ்சுது. அதனால் அது இன்னும் பெருவாரியாக மாறலை. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் பருத்தியைத் தவிரப் பெரிசா வேற தீனி இல்லை. எங்கே பார்த்தாலும் பி.டி., பயிரும் மாசக்கணக்கில் நிக்குது. 2010-ல் குஜராத்தில் அது முதல் புரதத்தைத் தாண்டிவிட்டதுன்னு விதைக் கம்பெனியே சொன்னது. 2006-ல் வந்த இரட்டைப் புரதப் பருத்தியையும் சில வருஷங்களில் தாண்டியது. புழு தன் குடலில் இருந்த பூட்டையே மாத்திக்கிட்டது.

மறுபடியும் டேங்கைத் தூக்கினாங்க. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடிச்சே இருபதுக்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலிக்காரங்களும் செத்துப்போனாங்க. விஷத்தைக் குறைக்க வந்த விதை, கவனிப்பாரில்லாமல் போனதால் மறுபடி விஷத்துக்கே கொண்டுபோய் விட்டது.

நடுவில் கத்திரிக்காய்க் கதையும் உண்டு. தண்டும் காயும் துளைக்கிற புழுவுக்காக, நம்ம வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, எம்.டி.யு. 1 போன்ற நாட்டில் புழங்குற ரகங்களிலேயே அந்த மரபணுவைச் சேர்த்தது. வீரிய ஒட்டு இல்லை, விதை எடுத்து வைக்கலாம். 2009 அக்டோபரில் பி.டி. கத்திரிக்கு மத்தியக் குழு சம்மதிச்சது, 2010 பிப்ரவரி 9-ல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். வங்கதேசத்தில் 2014-ல் விவசாயிகள் பயிரிட ஆரம்பிச்சாங்க. இங்கே எதிர்த்தவங்க சாப்பிடுற பொருளாச்சேன்னு கேட்டது நியாயமான கேள்வி. வாரம் ரெண்டு தடவை மருந்து அடிச்ச கத்திரிக்காயும் அதே சந்தைக்குத்தான் வருதுன்னு சொன்னதும் நியாயம்தான்.

விஞ்ஞானம் நிக்கலை. 2007-ல் மெக்சிகோவில் பிராவோ, சோபெரோன் என்ற ரெண்டு பேரும் கூட்டாளிகளும் புரதத்தின் முனையில் ஒரு துண்டை நீக்கி, பூட்டு மாறின புழுவையும் கொல்லும்படி செஞ்சு காட்டினாங்க. கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தில், தமிழ்நாட்டுக் கரும்புத் தோட்டத்து மண்ணிலிருந்தே வேர்ப்புழுவைத் தாக்குற ஒரு பி.டி. வகையைக் கண்டெடுத்தாங்க. சாவி செய்யத் தெரிஞ்சவங்க இருக்காங்க.

ஆனா எந்தச் சாவியை விடாம ஒரே பூட்டில் போட்டாலும் புழு பூட்டை மாத்தும். நூறு வருஷக் கதை சொல்றது அதைத்தான். அதனால் பருத்தி வைக்கிறவங்க ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் நடுவில் தட்டை, துவரையும் போடுங்க. 150 நாளில் முடிச்சு மாரை அழிச்சிடுங்க. மக்காச்சோளத்துப் படைப்புழுவுக்குப் பி.டி. தெளிக்கிறவங்க லிட்டருக்கு 2 கிராம் கலந்து, புழு சின்னதா இருக்கும்போதே சாயங்காலம் அடிங்க. பக்கத்தில் பட்டுக் கொட்டகை இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் பார்த்துக்குங்க.