சரிந்த மூக்கும் சாற்றிய பழியும்

"மூக்கும் முழியுமாக இருக்கிறாள் பெண்" என்பார்கள், மணம் பேசச் சென்று வந்தவர்கள். கண்ணுக்கு முன்னே மூக்கை நிறுத்திய மொழி நம் மொழி. மானம் போயிற்றென்றால் 'மூக்கறுபட்டான்' என்கிறோம். முகத்தின் நடுவே மானத்தின் சின்னமாக நிற்கும் அச்சிறு மேடு சரிந்துவிட்டால்? தண்டு குழிந்து, நுனி மேல்நோக்கி, பக்கத்திலிருந்து காண்போருக்குக் குதிரைச் சேணம்போல் தோன்றும் மூக்கைச் சேண மூக்கு என்கிறது மருத்துவம். மக்களோ அதற்கு வேறு பெயர்கள் சூட்டினர்: பாவம், சாபம், முன்வினை!

மூக்கின் கட்டடத்தை முதலில் காண்போம். மேலே மூன்றில் ஒரு பங்கு எலும்பு, எஞ்சியது குருத்தெலும்பு. இரு துளைகளுக்கும் இடையே நிற்கும் நடுச்சுவரே கூரையைத் தாங்கும் தூண். அந்தத் தூணின் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் இல்லை. அதன்மீது போர்த்திய மெல்லிய உறையிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. உறை கெட்டால் தூண் பட்டினியால் சாகிறது. தூண் செத்தால் கூரை சரிகிறது. ஊழ்வினை நுழைவதற்கு இதில் இடமேது?

ஆயினும் நுழைத்தார்கள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1495ஆம் ஆண்டை ஒட்டி, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பிரெஞ்சுப் படை புகுந்த காலத்தே, ஒரு கொடிய நோய் ஐரோப்பாவில் பரவிற்று. முற்றியபோது அது மூக்கின் எலும்பை அரித்தது, அண்ணத்தைத் துளைத்தது. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். நாமும் சும்மா இருக்கவில்லை. பறங்கி வியாதி என்றோம். அதற்கு மருந்தாக வந்த கிழங்கு இன்றும் நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை என்ற பெயரிலேயே விற்கிறது. நோய் அவனவன் அண்டைவீட்டானுடையது!

வெரோனா நகரத்து மருத்துவர் பிரகஸ்தோரோ 1530இல் ஒரு இலத்தீன் காவியம் எழுதினார். சிபிலஸ் என்னும் இடையன் கதிரவக் கடவுளைப் பழித்தானாம்; கடவுள் சினந்து இந்நோயை ஏவினாராம். அந்த இடையன் பெயரே சிபிலிஸ் என்று நோய்க்கு நிலைத்தது. வியப்பு யாதெனில், அதே பிரகஸ்தோரோதான் 1546இல், கண்ணுக்குத் தெரியாத வித்துகளால் நோய்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகின்றன என்று நூல் எழுதினார். கவிஞராய்ச் சாபம் பாடியவர், மருத்துவராய்த் தொற்றைக் கண்டார். உலகம் எதைப் பற்றிக்கொண்டது? சாபத்தைத்தான். வித்தைக் கண்ணால் காண 1905 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெர்லினில் ஷௌடினும் ஹோப்மனும் அந்தச் சுருள் கிருமியைக் கண்டனர். மறு ஆண்டே வாசர்மன் இரத்தச் சோதனையைத் தந்தார். 1943இல் பெனிசிலின் அதனை வீழ்த்தியது.

தொழுநோயின் கதை இதனினும் நீண்டது. அதன் கிருமி குளிர்ச்சியை நாடுவது. ஓயாது மூச்சுக்காற்று பட்டுக் குளிர்ந்திருக்கும் மூக்கின் உட்சவ்வு அதற்கு ஏற்ற இருப்பிடம். ஆண்டுக்கணக்கில் அங்குப் பெருகி, குருத்தெலும்பையும், மூக்கடியில் முள்போல் நீட்டிய சிறு எலும்பையும் கரைக்கிறது. டென்மார்க் நாட்டு மருத்துவர் மோலர் கிறிஸ்டென்சன், நெஸ்ட்வெத் என்னும் ஊரில் இடைக்காலத் தொழுநோய் இல்லத்தின் இடுகாட்டைத் தோண்டி, மண்டையோடுகளில் அந்த முள்ளெலும்பு தேய்ந்திருப்பதைக் கண்டு, 1953இலும் 1961இலும் நூல்கள் வெளியிட்டார். பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த எலும்பு, 'நான் பாவியல்லேன், நோயாளி' எனச் சான்று பகர்ந்தது!

நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். குடிவழி நோய் என்று கருதிய டேனியல்சன் வேறு யாருமல்லர், அவருடைய மாமனாரே. ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: நோயாளிப் பெண் ஒருத்தியின் கண்ணில், அவள் இசைவின்றி, நோய்ப்பொருளைச் செலுத்திப் பார்த்தார் ஹான்சன். 1880இல் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கிற்று. அறிவியலை மதிக்கும் நாம் அந்தத் தீர்ப்பையும் மதிக்கிறோம்.

மூக்கை நிமிர்த்தும் கலையிலும் ஒரு திருப்பம் உண்டு. அறுபட்ட மூக்குக்குக் கன்னத்துத் தோலையோ நெற்றித் தோலையோ வைத்துத் தைப்பது இந்நாட்டின் பழைய கலை. சரிந்த மூக்கிலோ வெளித்தோல் கெடவில்லை, கெட்டது உட்புறமே. இதனை உணர்ந்து, உட்புறத்துக்குத் தோல் ஒட்டும் முறையை வகுத்தவர் இங்கிலாந்தின் ஹெரால்ட் கில்லீஸ். வேலூரில் பால் பிராண்டும் உடன் பணியாற்றியோரும் தொழுநோயாளரின் கைகளோடு மூக்கையும் புருவத்தையும் சீர்ப்படுத்தினர்.

இன்று சேண மூக்கோடு வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, "அடிபட்டதா?" என்பதே. விழுந்த சிறுவனின் நடுச்சுவரில் இரத்தம் கட்டி உறையைப் பிரித்துவிட்டால், சில நாள்களில் குருத்தெலும்பு மடியும். அடிபட்டபின் இரு துளையும் அடைத்துக்கொண்டால் அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். கட்டிய இரத்தத்தை வெளியேற்றினால் மூக்கு பிழைக்கும். முன்பு அறுவை செய்ததுண்டா, கொக்கேய்ன் பழக்கம் உண்டா என்றும் கேட்பார், உணர்ச்சியற்ற தேமலைத் தேடுவார், இரத்தம் சோதிப்பார். இரத்தக் குழாய்களே அழற்சியுறும் நோயும் மூக்கைச் சரிக்கும். தாயிடமிருந்து கருவிலேயே தொற்றும் சிபிலிஸும் குழந்தையின் மூக்கைக் குழிக்கும். கருவுற்ற காலத்தில் ஓர் இரத்தச் சோதனையும் பெனிசிலினும் அதைத் தடுக்கும். காரணம் இத்தனை இருக்க, ஊரார் ஒரே பார்வையில் தீர்ப்பளித்து விடுகிறார்களே!

ஊரார் மட்டுமா? சட்டமும் அவ்வாறே. 1898ஆம் ஆண்டுத் தொழுநோயர் சட்டம், ஏழை நோயாளரைப் பிடித்து அடைக்க வழி செய்தது. அது நீக்கப்பட்டது 2016இல். செங்கற்பட்டில் காக்ரேன் 1940களிலேயே டாப்சோன் மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். எனினும் 1955இல் இயற்றிய இந்துத் திருமணச் சட்டம், தீராத தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக எழுதி வைத்தது. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. நோய் முற்றிலும் தீர்ந்தது. சட்டத்தில் இருந்த அந்தச் சொல் நீங்கியதோ 2019இல்.