நோயாளி உள்ள வீட்டில் பீட்சா: அளவறிந்து தயாரிக்கும் முறை

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்களுக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் புறநோயாளிகள் பிரிவில் தயக்கத்துடன் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "பீட்சா சாப்பிடக் கொடுக்கலாமா?" என்பதாகும். கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். பிள்ளையின் பிறந்தநாளை எண்ணிக் கவலைப்படும் தாய் கேட்பார். பேரப்பிள்ளைகள் வரும் நாளில் கணவருக்கு மட்டும் தனியே இட்லி அவித்து வைக்கும் மூதாட்டி கேட்பார். "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் முதல் வகை நீரிழிவு உள்ள சிறுவன் நண்பன் வீட்டில் மறைவாகச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் சொல்ல அஞ்சி, அந்த உணவுக்குரிய இன்சுலினைப் போட்டுக்கொள்ளாமலே இருந்துவிடுவதும் உண்டு. எவ்வளவு சாப்பிட்டான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

வீட்டில் பீட்சா தயாரிப்பதன் முதன்மையான பயன், அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிவதுதான். அளவு தெரிந்தால் அதற்கேற்ப மருந்தையும் மற்ற வேளை உணவையும் மருத்துவருடன் கலந்து அமைத்துக்கொள்ளலாம்.

பீட்சாவில் இருப்பவை

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மரபில் பீட்சா என்பது மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கையும் சேர்த்துப் புளிக்கவைத்துச் சுட்ட மெல்லிய ரொட்டியாகும். அதன்மேல் தக்காளி பரப்பப்படும். அம்மரபின் பழைய வகைகளுள் ஒன்றான மரினாராவில் சீஸ் அறவே இல்லை. தக்காளி, பூண்டு, ஆரிகானோ இலை, ஆலிவ் எண்ணெய் ஆகியவை மட்டுமே உண்டு. ஆகவே, "சீஸ் இல்லாவிட்டால் அது பீட்சாவா?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் நீங்கள் தயங்காமல் "ஆம்" எனலாம்.

கடைகளில் கிடைப்பதில் தடித்த மைதா அடிப்பகுதி, மிகுதியான சீஸ், சில வேளைகளில் சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி ஆகியவை சேர்கின்றன. பதப்படுத்திய இறைச்சியை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ஆம் ஆண்டில் சேர்த்தது. வீட்டில் தயாரிக்கும்போது இதனை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். கோழி இறைச்சி வேண்டுமெனில் உப்பின்றி வேகவைத்து உதிர்த்துப் போடலாம்.

உப்பு

எண்ணெயையும் சீஸையும் கண்ணால் காண்கிறோம், உப்பைக் காண்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. வழக்கமான பீட்சா மாவில் மாவின் எடையில் 2 முதல் 3 விழுக்காடு வரை உப்பு சேர்க்கிறார்கள். 200 கிராம் மாவுக்கு இது 4 முதல் 6 கிராம். சீஸ், சாஸ், ஊறவைத்த ஆலிவ் காய், மேலே தூவும் பொட்டலத் தூள் ஆகியவற்றில் உள்ள உப்பு இதில் சேரவில்லை.

பொட்டலங்களின் மேல் உப்பின் அளவு பெரும்பாலும் சோடியம் என்ற பெயரில், மில்லிகிராமில் அச்சிடப்பட்டிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்பது ஒரு கிராம் உப்புக்குச் சமம். இந்த ஒரு கணக்கை நினைவில் கொண்டால் கடையில் நிற்கும்போதே முடிவெடுக்கலாம். துண்டுகளாகவும் கட்டிகளாகவும் விற்கப்படும் பதப்படுத்திய சீஸில் மொஸரெல்லாவைவிடச் சோடியம் பொதுவாக மிக அதிகம். இரண்டு பொட்டலங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். "ஆரிகானோ" என்று எழுதப்பட்ட தூள்களிலும் பல வேளைகளில் உப்பு கலந்திருக்கும். அதற்குப் பதிலாக வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி இலையை மிகப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். அதன் மணம் ஆரிகானோவின் மணத்தை ஒத்திருக்கும். ஓமத்தைச் சிறிது கசக்கிப் போட்டாலும் பொருந்தும்.

உப்பைக் குறைக்க எண்ணிச் சிலர் "சோடியம் குறைந்த உப்பு" வாங்குகிறார்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கும் இவ்வுப்பு இரத்தத்தில் பொட்டாசியத்தை அபாய அளவுக்கு உயர்த்தக்கூடும்; இதயத் துடிப்பு சீர்குலையலாம். மருத்துவரைக் கேட்காமல் இதனைப் பயன்படுத்த வேண்டாம்.

மாவு தயாரித்தல்

100 கிராம் மைதாவில் நார்ச்சத்து ஏறத்தாழ 3 கிராம். சப்பாத்திக்குப் பயன்படும் முழுக் கோதுமை மாவில் ஏறத்தாழ 11 கிராம். ஆனால் முழுக் கோதுமை மாவு மட்டும் கொண்டு முதல் முறையே முயன்றால் அடிப்பகுதி கடினமாகிவிடும், பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். கோதுமை மாவு 130 கிராம், மைதா 70 கிராம் என்று தொடங்குங்கள். பழகிய பின் மைதாவைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

இந்த 200 கிராம் மாவுடன் கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி உடனடி ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து, 130 மி.லி. நீர் விட்டுக் கலந்து, 20 நிமிடம் மூடி வையுங்கள். கோதுமைத் தவிடு நீரை மெதுவாகவே உறிஞ்சும். பின்னர், தேவைப்பட்டால் இன்னும் ஓரிரு மேசைக்கரண்டி நீர் தெளித்து, சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகவும் கையில் இலேசாக ஒட்டும்படியும் பிசையுங்கள். ஒரு மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் வைத்தால், உப்பு குறைவாக இருப்பது நாவுக்குத் தெரியாத அளவுக்கு மாவில் மணமும் சுவையும் கூடும். உப்பு குறைந்த மாவு விரைவாகப் பொங்கும் என்பதால், கோடைக்காலத்தில் வெளியில் வைக்கும் நேரத்தை அரை மணியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அன்றே வேண்டுமெனில் ஈஸ்ட் முக்கால் தேக்கரண்டி சேர்த்து, இரட்டிப்பாகும் வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வைத்தால் போதும்.

கேழ்வரகு மாவையோ கம்பு மாவையோ நான்கில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். சிறுதானியம் சேர்த்தால் சர்க்கரை ஏறாது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கேழ்வரகிலும் மாவுச்சத்து நிறைய உண்டு. கடையில் விற்கும் "பல்தானிய" அடிப்பகுதிகளை வாங்குமுன், உட்பொருள் பட்டியலில் முதலில் உள்ள பெயரைப் படியுங்கள். எடையில் மிகுதியாக உள்ள பொருளே முதலில் எழுதப்படும். பல வேளைகளில் அது மைதாவாகவே இருக்கும்.

மேலே பரப்புபவை

பாட்டில் கெட்சப்பைப் பரப்ப வேண்டாம். அதில் உப்பு மட்டுமன்றி, ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் உண்டு. நன்கு பழுத்த தக்காளி கால் கிலோவைக் கொதிநீரில் போட்டுத் தோலுரித்து மசித்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கிய நான்கு பல் பூண்டுடன் சேர்த்துக் கெட்டியாகும் வரை கொதிக்கவிடுங்கள். புளிப்பு மிகுந்தால் சிறிது கேரட்டைத் துருவிப் போடுங்கள். உப்பு வேண்டாம், சீஸில் உள்ளதே போதும்.

இரண்டு பீட்சாக்களுக்கும் சேர்த்து மொஸரெல்லா 80 கிராம் போதுமானது. துண்டுகளாகப் போடாமல் துருவித் தூவினால் குறைந்த சீஸும் எங்கும் பரவும். பனீரில் உப்பு மிகக் குறைவு. ஆனால் கொழுப்பு குறைவென்று கருத வேண்டாம். இதய நோயாளிகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலில் வீட்டிலேயே திரித்த பனீர் ஏற்றது. வெங்காயம், குடைமிளகாய், காளான், பிஞ்சுக் கத்திரிக்காய் எதுவாயினும் மெல்லியதாக நறுக்கி நிறையப் போடுங்கள். நீர் விடும் காய்களை முன்னதாக எண்ணெயின்றி வதக்கிக்கொண்டால் அடிப்பகுதி நைந்து போகாது.

சுடும் முறை

மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 20 சென்டிமீட்டர் விட்டத்துக்குத் தேய்த்து, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்துங்கள். மின் அடுப்பு இருந்தால் அதன் உச்ச வெப்பத்தில், அதாவது 230 முதல் 250 டிகிரி செல்சியஸில், 20 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி 8 முதல் 10 நிமிடம் சுட்டால் போதும். இல்லாவிட்டால் கனமான தோசைக்கல்லே போதுமானது. கல் நன்றாகச் சூடானதும் ஒரு பக்கத்தை மட்டும் புள்ளி விழும்வரை சுட்டுத் திருப்புங்கள். சுட்ட பக்கம் மேலே வந்ததும் தீயை மிகக் குறைத்து, அதன்மேல் தக்காளியையும் மற்றவற்றையும் பரப்பி, குழிவான பாத்திரத்தால் மூடி 6 அல்லது 7 நிமிடம் வையுங்கள். சீஸ் உருகியதும் இறக்கிவிடலாம்.

ஒருவருக்கு அரை பீட்சா என்பது அளவு. அதில் 50 கிராம் மாவு இருக்கிறது; அதாவது இரண்டு சப்பாத்தி. மாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 35 கிராம் மாவுச்சத்தும், மொத்தத்தில் 300 கலோரிக்குச் சற்றுக் குறைவான ஆற்றலும், ஒரு கிராமுக்கு உட்பட்ட உப்பும் கிடைக்கும். வயிறு நிறையாதே என்பவர்கள் முதலில் ஒரு கிண்ணம் வெள்ளரி, கேரட் கலவையோ உப்பில்லாச் சுண்டலோ சாப்பிட்டுவிட்டுப் பீட்சாவுக்கு வரலாம். சுண்டலுக்கும் மாவுச்சத்துக் கணக்கு உண்டு என்பதை இன்சுலின் போடுவோர் மறக்க வேண்டாம்.

நோய்க்கேற்ற கவனம்

நீரிழிவு: பீட்சாவுக்கென்று ஓர் இயல்பு உண்டு. அதிலுள்ள கொழுப்பும் புரதமும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், இரண்டு மணி நேரத்தில் பார்க்கும்போது இரத்தச் சர்க்கரை நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்துக்குப் பின்னர் ஏறத் தொடங்கிப் பல மணி நேரம் உயர்ந்தே நிற்கும். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உறங்கினால் இந்த ஏற்றம் நள்ளிரவில் நிகழும். காலையில் பார்க்கும் அளவு மட்டுமே உங்களுக்குத் தெரியவரும். ஆகவே மதிய உணவாகவோ மாலை ஆறு, ஏழு மணியளவிலோ சாப்பிடுவது நல்லது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இரண்டு மணி நேரத்திலும், மீண்டும் நான்கு அல்லது ஐந்து மணி நேரத்திலும் பார்த்துக் குறித்துவைத்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் அளவை நீங்களாகவே கூட்ட வேண்டாம். உணவு செரிப்பதற்கு முன்னரே மருந்து வேலை செய்து சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். அவ்வாறு தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் ஏற்பட்டால், கையில் இருக்கும் பீட்சாவையே இன்னொரு துண்டு கொடுப்பது பயன் தராது. அதன் கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். மயங்கிய நிலையில் உள்ளவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

சிறுநீரக நோய்: கெட்டியாக்கிய தக்காளியில் பொட்டாசியம் செறிந்திருக்கும். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துமாறு அறிவுறுத்தப்பட்டவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் தக்காளியை விடுத்து, பூண்டு ஊறிய எண்ணெயைத் தடவி, வெங்காயமும் சிறிது குடைமிளகாயும் மட்டும் வைத்துச் சுடலாம். பதப்படுத்திய சீஸில் பாஸ்பேட் உப்புகள் சேர்க்கப்படுவதுண்டு, பொட்டலத்தில் ஐ.என்.எஸ். 339, 450, 452 ஆகிய எண்களுள் ஒன்று இருந்தால் வாங்காதீர்கள்.

காசநோய் மருந்து உட்கொள்வோர்: ஐசோநியாசிட், லினசோலிட் ஆகிய மருந்துகளுடன் நாட்பட முதிரவைத்த சீஸ் வகைகள் சேர்ந்தால் முகம் சிவத்தல், படபடப்பு, தலைவலி, இரத்த அழுத்த உயர்வு ஆகியவை ஏற்படலாம். புதிதாகத் திரித்த பனீர் போதும்.

வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர் கீரையைத் திடீரென மிகுதியாகப் போட வேண்டாம். கோதுமைப் புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மேற்கூறிய மாவு எவ்வகையிலும் ஆகாது. அவர்களுக்கு அரிசி மாவு அடையின்மேல் காய்களைப் பரப்பித் தனிக் கல்லில் சுட்டுக் கொடுங்கள்.

மீந்த மாவும் மீந்த பீட்சாவும்

பிசைந்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வரை வைக்கலாம். புளிப்பு மணம் கடுமையாகிவிட்டால் எறிந்துவிடுங்கள். சுட்ட பீட்சா மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்து, மறுநாள் தோசைக்கல்லில் நன்றாகச் சூடேறும்வரை மூடிவைத்துக் கொடுங்கள். எடுக்கும் முன் அதையும் அரை பீட்சா என்ற கணக்கிலேயே பிரித்து வையுங்கள். முதல் நாள் அளவாகச் சாப்பிட்டவர்கள் மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து நின்றபடியே இரண்டு துண்டுகள் கூடுதலாகச் சாப்பிட்டுவிடுவது வழக்கம்.