உழைப்பும் ஊணும்

உடல் உழைக்கிறது, உழைத்த உடல் உணவைக் கேட்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான வரவு செலவை ஒவ்வொரு காலமும் தன் போக்கில் எழுதி வந்துள்ளது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் எடை குறைக்க விழைவோரிடையே ஒரு வினா உலவுகிறது: உடற்பயிற்சியால் செலவான கலோரியை மீண்டும் உண்டு ஈடுசெய்யலாமா, கூடாதா? புதியது போலத் தோன்றினும் இது பழைய வினாவே. இதே மண்ணில் நம் முன்னோர் இதனை வேறொரு முகத்தோடு எதிர்கொண்டனர். செலவான ஆற்றல் திரும்பக் கிடைக்குமா என்பதே அவர்தம் கவலையாய் இருந்தது.

தோட்டப்புறக் கணக்கு

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, மரம் மரமாகப் பால்வெட்டி, வாளி சுமந்து நிறுவைக்கு வந்தவர்கள் நம்மவர். பிரிக்பீல்ட்ஸ், செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற இடம். பின்னர் இரயில்வேத் தொழிலாளரின் உறைவிடமாயிற்று. இவர்கள் செலவிட்ட ஆற்றலுக்கு ஈடாக வந்தது கூலி, கூலிதான் சோறாயிற்று.

1920களின் இறுதியில் சிலாங்கூர் உள்ளிட்ட முதன்மை வட்டாரங்களில் இந்தியத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வகுக்கப்பட்டது. உணவு, உடை முதலிய செலவுகளைப் பட்டியலிட்டே இது கணிக்கப்பட்டது. ஆயின், உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இரப்பர் விலை சரிந்ததும், 1930இல் அது 40 காசும் 32 காசுமாகக் குறைந்தது. அரிசி விலையும் அக்காலத்தில் வீழ்ந்தது உண்மையே. ஆயினும், ஐந்தில் ஒரு பங்கு கூலி குறைந்தபோது, பால்வெட்டும் கை ஐந்தில் ஒரு பங்கு குறைவாக உழைக்கவில்லை. உழைப்பவன் உணவின் அளவை அவன் பசி முடிவு செய்யவில்லை. தொலைநாட்டுச் சந்தை முடிவு செய்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். அவர்தம் கோரிக்கைகளுள் கூலி உயர்வு ஒன்று. கள்ளுக்கடைகளை மூடுதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே எழுந்தமை சிந்திக்கத்தக்கது. உழைப்பின் ஈடு போதிய அளவில் வரவேண்டும் என்பதோடு, அது எவ்வடிவில் உடலுக்குள் செல்கிறது என்பதையும் அவர்கள் கேட்டனர்.

அதன்பின் வந்தது சப்பானியர் ஆட்சி. 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர், ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதையில் மடிந்தனர். நோயும் அடியும் அவர்களைக் கொன்றன. கடும் உழைப்பும் அரைவயிற்று உணவும் அந்நோய்க்கு வழி திறந்தன. ஊரில் எஞ்சியோர் மரவள்ளிக் கிழங்கால் உயிர் காத்தனர்.

அரிசி கற்பித்த பாடம்

அளவு மட்டுமே ஈடு அன்று என்பதற்குக் கோலாலம்பூரே சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவைப் பெரிதும் வாட்டியது. தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே அது மிகுந்தும், புழுங்கல் அரிசி உண்ட தமிழரிடையே அரிதாகவும் இருத்தலை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் எடுத்துக்காட்டினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர், நோயாளரை இரு பிரிவாக்கி இருவகை அரிசியையும் கொடுத்து ஆராய்ந்தார். வெள்ளரிசிப் பிரிவில் பலர் நோயுற்று மாண்டனர். புழுங்கல் அரிசிப் பிரிவு தப்பியது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து மணியினுள் ஊறுவதே காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இருவகை அரிசியும் தரும் கலோரி ஏறத்தாழ ஒன்றே. ஒன்று உயிர் காத்தது, மற்றொன்று காக்கவில்லை.

பசி பொய் சொல்லுமா?

உழைப்புக்கேற்பப் பசி தானே அமையும் என்பது பொது நம்பிக்கை. முன்னுண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின் உண்ணுமாறு வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். இந்நம்பிக்கையை வங்காளத்துச் சணல் ஆலை ஒன்று சோதித்தது. ஜீன் மேயரும் அவர்தம் துணைவரும் 1956இல் வெளியிட்ட அவ்வாய்வு, மேற்கு வங்கத் தொழிலாளர் 213 பேரின் உணவையும் எடையையும் வேலையையும் ஒப்பிட்டது. மிதமான வேலை முதல் கடும் வேலைவரை, உழைப்பு ஏற உணவும் ஏறியது; எடையோ ஏறவில்லை. ஆனால், உட்கார்ந்தே பணி செய்தோர், உழைப்பு குறைந்தும் மிகுதியாக உண்டனர், எடையும் மிகுந்திருந்தனர். உழைக்கும் உடலில் பசி நல்ல துலாக்கோல். அசையா உடலில் அத்துலாக்கோல் சாய்ந்துவிடுகிறது.

நம் வரலாற்றின் திருப்பமும் இதுவே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. நம்மவர் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்து மேசையிலும் வாகனத்திலும் அமர்ந்தனர். வாளி கையைவிட்டுப் போயிற்று. தட்டின் அளவு போகவில்லை. தேசிய சுகாதார ஆய்வின்படி 2019இல் மலேசியப் பெரியவர்களுள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர். 2023இல் அது 54.4 விழுக்காடாயிற்று.

இன்றைய விடை

இனி, வினாவுக்கு வருவோம். எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் இயல்பாக நடந்தால் ஏறத்தாழ 245 கலோரி செலவாகும். அதில் 70 கலோரி, சும்மா அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடையின் உண்மை ஈட்டம் 175 மட்டுமே. நடை முடித்து உண்ணும் ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கலோரி. கைக்கருவி காட்டும் எண்ணையும் அப்படியே நம்புதற்கில்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆராய்ந்த ஏழு கருவிகளுள் மிகச் சிறந்ததே ஆற்றற் செலவைச் சராசரியாக 27 விழுக்காடு பிழையாகக் காட்டியது. மேலும், நாளுணவின் அளவை வகுக்கும்போதே உடற்பயிற்சியைச் சேர்த்துக் கணித்தவர், அதனை மீண்டும் ஈடுசெய்தல் ஒரே கடனை இருமுறை அடைப்பதாகும்.

ஆகவே, எடை குறைக்க நடப்பவர் சிறுநடைக்கு ஈடு தேட வேண்டுவதில்லை. ஆனால், ஈடே வேண்டா என்பதும் பிழை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் 36 இளைஞர்கள் பாதியளவு உணவோடு வாரம் 35 கிலோமீட்டர் நடந்தனர். எடையில் ஏறத்தாழக் கால்பங்கு இழந்து, உளச்சோர்வும் உணவு பற்றிய ஓயாத நினைவும் அவர்களைப் பற்றின. நெடுந்தூரம் ஓடுவோர், கட்டுமானத்தில் உடலுழைப்போர், வளரும் மாணவர் ஆகியோர் செலவில் ஒரு பகுதியையேனும் திரும்பப் பெறல் வேண்டும். இன்சுலின் கொள்ளும் நீரிழிவாளர் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். ஈடுசெய்யும்போதும், புழுங்கல் அரிசி கற்பித்தவாறு, பயறும் கீரையும் மீனும் முன்நிற்க. சீனியிட்ட தேநீர் பின்நிற்க.

முன்னோர்க்கு ஈடு மறுக்கப்பட்டது. நமக்கோ ஈடு உழைப்பை முந்திக்கொள்கிறது. அவர்கள் கேட்ட நீதி, உழைப்புக்குத் தக்க உணவு. அந்நீதியை நாம் நம் உடலுக்கு இன்னும் வழங்கவில்லை. குறைவாய்க் கொடுத்தவன் அன்று வேறொருவன். மிகையாய்க் கொடுப்பவர் இன்று நாமே. ஆதலின், அதனைத் திருத்தும் உரிமையும் நம்மிடமே உள்ளது.